‘இனி எதற்கு?’ என்பாருக்கு ஒரு மறுமொழி

சென்ற தவணையில் எமது பீடத்தின் ஆசிரியர் ஓய்வறையில் இடம்பெற்ற உரையாடலொன்று இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. நாற்பது வயதைக் கடந்த விரிவுரையாளர் ஒருவர், தமக்கு ஓட்டிசம் இருக்கக்கூடும் எனத் தாம் நெடுநாளாக ஐயுற்று வருவதாகவும், தக்க உளமருத்துவரைக் கொண்டு அதனை நிர்ணயித்துக்கொள்வதா விடுவதா எனத் தீர்மானிக்க இயலாதிருப்பதாகவும் கூறினார். அங்கிருந்தோர் யாவரும் கற்றவர், நல்ல மனத்தினர். “பட்டமும் பதவியும் பெற்றாயிற்று, குடும்பமும் உண்டு, இனி எதற்கு?” என்றார் ஒருவர். “இது இப்பொழுது எங்கும் பரவிவரும் மேனாட்டு மோகம்” என்றார் மற்றொருவர். “மருத்துவர் சூட்டும் பெயருக்குள் மனிதனை அடைப்பதா?” என வினவினார் முற்போக்காளரான மூன்றாமவர். “சான்றிதழ் கிடைத்தால் பீடச்சபைக் கூட்டங்களுக்கு வராமல் இருந்துவிடலாம்” என நகைத்தார் நான்காமவர். “ஏன் அவ்வாறு எண்ணுகிறீர்?” என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. அவ்விரிவுரையாளர் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளியேறினார்.

அவ்விரிவுரையாளர் நானே. உரையாடலில் உடனுக்குடன் விடையிறுத்தல் எனக்கு என்றும் எளிதாக இருந்ததில்லை. எழுத்தில் ஓரளவு இயலும். ஆகவே அன்று சொல்லாது விட்டதை இங்கு எழுதுகிறேன். அந்நால்வர் கூறியதும் அவர்களது தனிப்பட்ட கருத்தன்று. கற்றோர் குழாத்தில் இவ்விடயம் எழும்போதெல்லாம் ஏறத்தாழ இந்நான்கு கூற்றுகளே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. ஆதலின் இம்மறுமொழி தனிமனிதர் எவரையும் நோக்கியதன்று.

இக்கட்டுரையின் வாதம் சுருக்கமானது. வளர்ந்தவர் ஒருவர் இந்நிர்ணயத்தை நாடுவதும் நாடாது விடுவதும் அவரது தீர்மானம். அதனை நாட முற்படுபவரை ‘இனி எதற்கு?’ எனத் தடுப்பது தவறு. நாடாதவர் ஒரு சிறு வசதியைக் கேட்கும்போது ‘சான்றிதழ் எங்கே?’ எனத் தடுப்பதும் தவறு. இவ்விரு தடைகளும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் அவற்றின் வேர் ஒன்றே: தம் அனுபவத்தைப் பற்றி ஒருவர் கூறுவதை நம்ப மறுத்தல்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. ஓட்டிசம் என்பது பிள்ளைப் பருவத்தின் தொடக்கத்திலேயே வெளிப்பட்டு வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒரு வளர்ச்சி வேறுபாடு. பிறருடன் ஊடாடுவதிலும் தொடர்பாடுவதிலும் வேறுபட்ட போக்கு, பழகிய ஒழுங்கைப் பற்றிநிற்றல், சில விடயங்களில் மிக ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பன அதன் முக்கிய இயல்புகள். இதனையுடையோருள் வாழ்நாள் முழுவதும் பிறரது பராமரிப்பை வேண்டி நிற்போரும் உளர். பேச்சும் படிப்பும் தொழிலும் உடையவராய், வெளியிலிருந்து நோக்குவோருக்கு வேறுபாடு புலப்படாதவாறு வாழ்வோரும் உளர். முன்னவரின் தேவைகள் பின்னவரினும் பன்மடங்கு பெரியன என்பதை மறக்கலாகாது. இக்கட்டுரை பின்னவரைப் பற்றியது. ‘நோய்நிர்ணயம்’ என்பதே மருத்துவ வழக்கு. எனினும் ஓட்டிசம் வந்து மாறும் நோயன்று ஆதலின் ‘நிர்ணயம்’ எனும் சொல்லை மட்டுமே இங்குப் பயன்படுத்துகிறேன்.

வசதி கருதி இரண்டாவது கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். இது புதிய மோகம் என்பார், பெயர் பெற்ற காலத்தையும் பொருள் தோன்றிய காலத்தையும் ஒன்றெனக் கொள்கின்றனர். ‘ஓட்டிசம்’ எனும் சொல்லை சுவிற்சர்லாந்து உளமருத்துவர் புளொய்லர் 1911 ஆம் ஆண்டளவில் வேறொரு கருத்தில் வழங்கினார். இன்று நாம் அறியும் இயல்புகளையுடைய ஆறு சிறுவரைப் பற்றி மொஸ்கோவிற் பணியாற்றிய குரூனியா சுக்காரேவா எனும் பெண் மருத்துவர் 1925 இல் எழுதினார். அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் லியோ கானர் 1943 இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றியும், வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் 1944 இல் நான்கு சிறுவரைப் பற்றியும் எழுதினர். கானரின் கட்டுரை உலகெங்கும் பரவிற்று. அஸ்பேர்கர் ஜேர்மன் மொழியில் எழுதியது, ஆங்கிலம் பேசும் உலகில் நெடுங்காலம் பெரிதும் கவனிக்கப்படவில்லை. பிரித்தானிய உளமருத்துவரும் ஓட்டிசமுடைய மகளொருத்தியின் தாயுமான லோர்னா விங் 1981 இல் எழுதிய கட்டுரையே அவ்வாய்வைப் பரவலாக அறியச் செய்தது. நன்கு பேசுவோரும் கல்வியில் தேர்ந்தோரும்கூட ஓட்டிசமுடையோராய் இருத்தல் கூடும் என்பதை மருத்துவ உலகு ஏற்றுக்கொண்டது அதன் பின்னரே. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூலில் ‘அஸ்பேர்கர்’ எனும் பிரிவு 1994 இல் இடம்பெற்று, 2013 இல் நீக்கப்பட்டு, யாவும் ஒரே ஓட்டிச நிறமாலையுள் அடக்கப்பட்டன.

இவ்வாண்டுகளைக் கூர்ந்து நோக்குக. 1980 களின் முற்பகுதியில் எமது நாட்டிற் பிறந்து, எழுத்தறிந்து, பரீட்சைகளிற் சித்தியெய்திய ஒரு பிள்ளையை ஓட்டிசமுடையது என ஐயுறுவதற்கு வேண்டிய அறிவு, அப்பொழுது இலண்டனிற்கூட அரும்பு நிலையிலேயே இருந்தது. அப்பிள்ளை இனங்காணப்படாது வளர்ந்தமைக்குக் காரணம் அதற்கு ஓட்டிசம் இன்மையன்று. பார்ப்பதற்குக் கண் இன்மை. இதற்குத் தெளிவான சான்றொன்று உண்டு. இங்கிலாந்தில் 2007 ஆம் ஆண்டு நடத்தப்பட்ட உளநலக் கணக்கெடுப்பில், வளர்ந்தோர் வீடுகளிலேயே நேரிற் சந்திக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஓட்டிசமுடையவர் எனக் கண்டறியப்பட்டது. வயது கூடக்கூட அவ்வீதம் குறையவில்லை என்பதே அக்கணக்கெடுப்பின் முக்கிய முடிபு. இது இளைஞரைப் பீடித்த மோகமாயின் முதியோரிடையே அதே அளவிற் காணப்படுவது எவ்வாறு? எம் தந்தையர் தலைமுறையிலும் அவர்தம் தந்தையர் தலைமுறையிலும் இத்தகையோர் வாழ்ந்தனர். பெயரின்றி வாழ்ந்தனர், அவ்வளவே.

இனி முதலாவது கூற்று. ‘இத்தனை காலம் சமாளித்தீரே, இனி எதற்கு?’ இக்கேள்வி பரிவிலிருந்து பிறப்பதென்பதை நான் அறிவேன். ஆயினும் சமாளித்தல் என்ற சொல்லுள் அடங்கிக் கிடக்கும் செலவைக் கேட்பவர் கணக்கிடுவதில்லை. செலவைச் செலுத்தியவருக்கே அதன் தொகை தெரியும். ஒரு விரிவுரையை நிகழ்த்துவதில் எனக்குத் துன்பமில்லை. அது நான் அறிந்த பொருள், நான் வகுத்த ஒழுங்கு. விரிவுரை முடிந்தபின் நடைகூடத்தில் எதிர்ப்படும் நண்பரிடம் கூறவேண்டிய இரண்டு வாக்கியங்களையோ நான் மண்டபத்தினுள்ளேயே ஆயத்தம் செய்துகொண்டு வருவேன். எவ்வளவு நேரம் முகத்தைப் பார்ப்பது, எப்பொழுது நகைப்பது, எப்பொழுது விடைபெறுவது என்பவற்றைப் பிறர் இயல்பாகச் செய்ய, நான் எண்ணி எண்ணிச் செய்கிறேன். பலர் ஒரே வேளையிற் பேசும் கூட்டமொன்று முடிந்தால் வீடு சென்று விளக்கணைத்த அறையில் ஒரு மணி நேரம் படுத்திருப்பேன். என் மனைவி அதனை நெடுங்காலம் கோபமென எண்ணியிருந்தார். இருபது ஆண்டுகளாக இதனை நான் என் குணக்குறை என்றே நம்பி, ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் ‘இம்முறை திருந்திவிடுவேன்’ எனத் தீர்மானித்து, ஒவ்வொரு தவணையின் முடிவிலும் தோற்றேன். திருத்த வேண்டாததைத் திருத்த முயன்று தோற்பதற்கு ஒரு மனிதன் தன் இளமையைச் செலவிடுதல் சிறு இழப்பன்று.

என் அனுபவம் மிக மென்மையானது. ஏனையோருடையது அத்தகையதன்று. கேம்பிறிஜ் நகரில், வளர்ந்தோருக்கு இந்நிர்ணயத்தை வழங்கிய மருத்துவ நிலையமொன்றிற்கு 2004 தொடக்கம் 2013 வரை வந்து நிர்ணயம் பெற்ற 374 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2014 இல் வெளியாயிற்று. அவர்களுள் 66 வீதத்தினர் தம் வாழ்நாளில் எப்பொழுதாவது தற்கொலை எண்ணம் கொண்டிருந்தனர்; 35 வீதத்தினர் அதற்குத் திட்டமிட்டோ முயன்றோ இருந்தனர். இவர்கள் யாவரும் அதுவரை ‘சமாளித்தவர்கள்’. மருத்துவ நிலையத்தை நாடி வந்தோர் ஓட்டிசமுடைய அனைவரதும் பிரதிநிதிகளாகார் என்பது உண்மையே. ஆயினும் எம் விவாதத்துக்குரியோர் துல்லியமாக இவர்களே. வளர்ந்தபின் நிர்ணயத்தை நாடிச் சென்றவர்கள். அவ்வாறு செல்பவர் பொழுதுபோக்குக்காகச் செல்கிறார் என எண்ணுவோர் இவ்விரு எண்களையும் மீண்டும் ஒருமுறை படித்தல் வேண்டும்.

மூன்றாவது கூற்றே வலிமை மிக்கது. அதனை நான் மதிக்கிறேன். மருத்துவத்துறை அதிகாரம் உடையது; அவ்வதிகாரம் பெயர் சூட்டி அடக்கியதுண்டு. தன்பாலீர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973 இலேயே. ஓட்டிசத்தின் வரலாறும் மாசற்றதன்று. பிள்ளையின் ஓட்டிசத்துக்குத் தாயின் அன்பின்மையே காரணமென புரூனோ பெற்றல்ஹைம் 1967 இல் நூலெழுதிப் பரப்பினார். எத்தனையோ தாய்மார் செய்யாத குற்றத்தைச் சுமந்தனர். சூசன் போல்ஸ்ரைனும் மைக்கல் றட்டரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து 1977 இல் வெளியிட்ட கட்டுரை, பிறப்புரிமையின் பங்கை எடுத்துக்காட்டி அப்பழியைத் தளர்த்தத் தொடங்கியது. நாசி ஆட்சியின்போது வியன்னாவில் குறைபாடுடைய சிறுவர் கொல்லப்பட்ட ‘அம் ஸ்பீகல்குறுண்ட்’ நிலையத்துக்குச் சிறுவர்களை அனுப்பியோருள் அஸ்பேர்கரும் ஒருவர் என்பதை வரலாற்றாய்வாளர் ஹேர்விக் செக் 2018 இல் ஆவணங்களைக் கொண்டு எடுத்துக்காட்டினார். இவ்வரலாற்றை அறிந்த எவரும் மருத்துவர் வழங்கும் பெயரை ஐயுறவின்றி ஏற்றல் இயலாது.

ஆயின் இவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. பெயருடன் வாழ்வதா, பெயரின்றி வாழ்வதா என்பதன்று எம்முன் உள்ள தெரிவு. பெயர் ஏலவே சூட்டப்பட்டாயிற்று. பள்ளிக்கூடத்தில் ‘விசரன்’, ஊரில் ‘அவன் ஒருமாதிரி’, விடுதியில் ‘தலைக்கனம் பிடித்தவன்’, அலுவலகத்தில் ‘ஒத்துழையாதவர்’, கலியாண வீட்டில் ‘முகங்கொடுத்துப் பேசத் தெரியாதவள்’, கோபம் மிகுந்தால் ‘அங்கொடைக்கு அனுப்பவேண்டியது’. இப்பெயர்களை வழங்கியோர் எவரையும் சோதித்தாரல்லர். எந்த அளவுகோலையும் வெளியிட்டாரல்லர். இவற்றுக்கு எதிராக மேன்முறையீடு செய்வதற்கு மன்றமும் இல்லை. மருத்துவரின் பெயரையேனும் வேறொரு மருத்துவரிடம் சென்று மறுக்கலாம். ஊரின் பெயரை எங்குச் சென்று மறுப்பது? மருத்துவரின் அதிகாரத்தைக் கண்டிக்கும் முற்போக்காளர் ஊராரின் அதிகாரத்தைக் காணாது விடுதல் வியப்பே.

தவறான பெயரொன்று ஒருவரை எத்துணைக் காலம் அழுத்தலாம் என்பதற்கு ஸ்கொத்லாந்துப் பாடகி சூசன் போயில் ஒரு சான்று. பிறப்பின்போது மூளை பாதிக்கப்பட்டவர் எனச் சிறுவயதிற் கூறப்பட்டு, பள்ளியிற் சக மாணவரால் ஏளனம் செய்யப்பட்டு வளர்ந்த அவர், 2009 இல் தொலைக்காட்சிப் போட்டியொன்றின் மூலம் உலகப் புகழெய்தினார். தமக்கிருப்பது அஸ்பேர்கர் நிலையே என நிர்ணயிக்கப்பட்டதை 2013 இல், ஐம்பது வயது கடந்தபின், அவர் வெளியிட்டார். அதனாற் பெரும் ஆறுதல் அடைந்ததாகவும் கூறினார். புகழும் பொருளும் வந்த பின்னரும் அவருக்கு அந்நிர்ணயம் தேவைப்பட்டதே! அவரை நோக்கி ‘இனி எதற்கு?’ எனக் கேட்கும் துணிவு எம்மிடம் உண்டா? அவர் கோரியது சலுகையன்று. தம் வாழ்க்கையைப் பற்றிய பிழையான கூற்றொன்றைத் திருத்தக் கோரினார். வரலாற்று மாணவர் ஒருவர் பிழையான ஆண்டொன்றைத் திருத்துவதை நாம் மெச்சுகிறோம். தம் சொந்த வரலாற்றைத் திருத்த முற்படுபவரை மட்டும் ஏன் நகைக்கிறோம்?

நான்காவது கூற்றுக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. விளக்கம் வேறு, சாக்கு வேறு. செய்த தீங்கிலிருந்து தப்புவதற்குக் கூறப்படுவது சாக்கு. அடுத்தமுறை அத்தீங்கு நேராதிருக்க வழிகாட்டுவது விளக்கம். ‘நான் உம்மைப் புண்படுத்தியது ஓட்டிசத்தால், ஆகவே பொறுத்துக்கொள்ளும்’ என்பவர் சாக்குக் கூறுகிறார். ‘குறிப்பாற் கூறுவது எனக்கு விளங்குவதில்லை; நேரிற் கூறினால் புண்படமாட்டேன், புண்படுத்தவும் மாட்டேன்’ என்பவர் விளக்கம் தருகிறார். முன்னதைக் கூறும் போலிகள் சிலர் இருக்கலாம் என்பதற்காகப் பின்னதைக் கூறும் பலரை வாயடைத்தல் நீதியன்று. மேலும், விளங்காமை ஒரு பக்கத்தது மட்டுமன்று. தாமே ஓட்டிசமுடையவரான சமூகவியலாளர் டேமியன் மில்ற்றன் 2012 இல் எடுத்துக்காட்டியவாறு, ஓட்டிசமுடையோர் பிறரை விளங்கிக்கொள்ளாதது போலவே பிறரும் ஓட்டிசமுடையோரை விளங்கிக்கொள்வதில்லை. குறை இருவருக்கும் இடையில் உள்ளது. ஆனால் பழி ஒருவர் தலையில் மட்டும் விழுகிறது.

இவ்வளவும் கூறியதைக் கொண்டு, ஐயமுடைய ஒவ்வொருவரும் நாளையே மருத்துவரிடம் செல்லவேண்டும் என நான் வாதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. நிர்ணயத்தை நாடாது விடுவதற்கும் தக்க காரணங்கள் உள. அவை எமது மண்ணில் இன்னும் கனமானவை. எம்மவரிடையே ஒருவரின் மருத்துவப் பெயர் அவருடன் நின்றுவிடுவதில்லை; அது தங்கையின் கலியாணப் பேச்சுவரை செல்லும். பிறநாட்டுக்குக் குடிபெயர எண்ணுவோர், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளின் குடிவரவு விதிகள் விண்ணப்பதாரரால் நேரக்கூடிய மருத்துவச் செலவையும் கணக்கிலெடுப்பன என்பதையும், ஓட்டிசமுடைய பிள்ளைகளின் பெற்றோர் அதனால் இடர்ப்பட்டதுண்டு என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். கனடா 2018 இல் இத்தகைய விதியைப் பெரிதும் தளர்த்தியது. ஏனையவை அவ்வளவு தூரம் செல்லவில்லை. அன்றியும், எமது நாட்டில் ஓட்டிசம் பற்றிய சேவைகள் பெரும்பாலும் சிறுவரை நோக்கியே அமைந்தவை. நிர்ணயம் பெற்ற வளர்ந்தவருக்கு அதன்பின் கிட்டும் துணை மிகக் குறைவு.

நிர்ணயிக்கும் முறையிலும் இடர்ப்பாடுகள் உள. இவ்வியல்புகள் குழந்தைப் பருவத்திலேயே இருந்தனவா என்பதை மருத்துவர் அறிய முயல்வார். அதற்குப் பெற்றோரின் நினைவும் பள்ளி அறிக்கைகளும் உதவும். என் பள்ளி அறிக்கைகள் 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து நாம் புறப்பட்ட இரவில் வீட்டு அலுமாரியில் விடப்பட்டன. பின்னர் அவ்வீடே இருக்கவில்லை. தந்தையார் இன்றில்லை. தாயார் கடல்கடந்த நாடொன்றில், தொலைபேசியில், நினைவு கூர்கிறார். என்னிலும் இழந்தோர் பலர். அவர்தம் குழந்தைப் பருவத்துக்குச் சாட்சி கூற ஒருவருமில்லை. போர்க்காலத்தில் வளர்ந்த ஒருவர் திடீர் ஒலிக்கு நடுங்குவதும், கூட்டத்தை அஞ்சுவதும், பிறரிடமிருந்து ஒதுங்குவதும் ஓட்டிசத்தாலா, கண்ட கொடுமைகளாலா, இரண்டினாலுமா என்பதைப் பிரித்தறிதற்குத் தேர்ச்சி மிக்க மருத்துவர் வேண்டும்.

வினாக்கொத்து ஒன்றை நிரப்பித் தாமே முடிவுகட்டுவோர் இங்குதான் தவறுகின்றனர். கேம்பிறிஜ் ஆய்வாளர் 2001 இல் வெளியிட்ட ஐம்பது கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து உலகெங்கும் பரவியுள்ளது. நாடக அரங்கை விரும்புவீரா, நூதனசாலையை விரும்புவீரா என அது வினவுகிறது. இரண்டையும் ஆண்டுக்கொரு முறையேனும் காணாதவர் என்ன விடை எழுதுவது? கண்ணோடு கண் நோக்காமை ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றெனக் கொள்ளப்படுகிறது. ஆசிரியர் முன் தலைதாழ்த்தி நிற்பதே பண்பெனக் கற்பிக்கப்பட்ட மாணவியிடம் அவ்வடையாளத்தைத் தேடுவது எங்ஙனம்? வினாக்கொத்து ஐயத்தைத் தோற்றுவிக்கப் பயன்படலாம். தீர்ப்பு வழங்க அது போதாது. எமது மொழியிலும் எமது வாழ்விலும் கால்பதித்த அளவுகோல்களை ஆக்குதல் எமது மருத்துவ பீடங்களுக்கும் உளவியற்றுறையினருக்கும் உரிய கடன்.

ஆகவே, தீர்மானிக்க வேண்டியவர் தம்மிடமே கேட்டுக்கொள்ளத்தக்கவை மூன்று. இந்நிர்ணயம் என் வாழ்வில் எதனை மாற்றும், என் மனத்துள்ளேயா, வீட்டிலா, தொழிலிலா? அதனை யாரிடம் கூறுவேன், யாரிடம் கூறாது விடுவேன்? என்னைச் சோதிக்கவிருப்பவர் வளர்ந்தோரைச் சோதித்துப் பழகியவரா? இவற்றுக்கு ஒருவர் கண்ட விடை ‘வேண்டாம்’ என்பதாயின் அதுவும் முழுமையான தீர்மானமே. அவரைக் கோழையென்பது, நாடிச் செல்பவரை மோகங்கொண்டவர் என்பதைப் போன்றே பிழையானது.

இவ்விடத்திலேயே பல்கலைக்கழகத்தின் பொறுப்பு எழுகிறது. சான்றிதழ் பெறாதவருக்கு எதுவும் இல்லை என நாம் விதித்தால், மேற்கூறிய இடர்கள் யாவற்றையும் தாங்குமாறு அவரை நாமே நெருக்குகிறோம். இதன் விளைவை விளக்க ஓட்டிசம் சாராத, ஆயினும் மிக நெருங்கிய நிகழ்ச்சியொன்றைக் குறிப்பிடலாம். பிரித்தானியாவின் பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியல் பயின்ற இரண்டாம் வருட மாணவியொருவர் கடுமையான சமூக அச்சத்தால் வாய்மொழி மதிப்பீடுகளை எதிர்கொள்ள இயலாதிருந்தார். 2018 ஏப்ரலில், பெரிய மண்டபமொன்றிற் குழுவாக விளக்கவுரை நிகழ்த்த வேண்டியிருந்த நாளில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய இடர்ப்பாடு தெரிந்திருந்தும் மதிப்பீட்டு முறையைப் பல்கலைக்கழகம் மாற்றியமைக்கத் தவறியதென 2022 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 இல் மேல்நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் மேன்முறையீட்டை நிராகரித்தது. மருத்துவ அறிக்கை மட்டுமே சான்றன்று, ஒருவர் கூறுவதும் நடந்துகொள்வதும்கூடச் சான்றாகலாம் என்பது அத்தீர்ப்பிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம்.

எமது நாட்டிலும் குறைபாடுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவன அனுமதியிலும் வேலைக்கு ஆட்சேர்ப்பிலும் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆயின் வாயிலைத் திறந்துவிட்டு, உள்ளே நுழைந்தவர் நிற்க இடமில்லாது செய்தல் அனுமதியாகாது. நான் வேண்டுவன பணம் கேட்பவையல்ல. ஒப்படையின் அறிவுறுத்தல்களை வாய்மொழியாக மட்டுமன்றி எழுத்திலும் தருக. நேரசூசி மாற்றத்தை முன்னறிவிக்க. வாய்மொழிப் பரீட்சையின் ஒழுங்கையும் நேரத்தையும் யாவருக்கும் முன்கூட்டியே விளக்குக. குழுவேலையில் எவர் எதைச் செய்வதென வரையறுக்க. ஒலி குறைந்த ஓரறையைப் பரீட்சைக் காலத்தில் ஒதுக்குக. இவற்றைப் பெறுவதற்கு எவரும் தம் மருத்துவ வரலாற்றை எழுதுவினைஞரின் மேசையில் விரித்துவைக்க வேண்டியதில்லை. இவற்றால் ஓட்டிசமில்லாத மாணவரும் பயன்பெறுவர்.

இன்னொன்றை மாணவ நண்பர்களுக்குக் கூறவேண்டும். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. ஆயினும் அது முற்றாக ஒழியவில்லை என்பதை நாம் அறிவோம். பகிடிவதையில் முதலில் அகப்படுபவர் யார்? கூறியதை அப்படியே எடுத்துக்கொள்பவர். பகிடியைப் பகிடியென அறியாதவர். எல்லோரும் சிரிக்கும்போது ஒரு கணம் பிந்திச் சிரிப்பவர். அவருக்கு ஓட்டிசம் உண்டா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது, அவருக்கே தெரியாதிருக்கலாம். தெரிந்தபின் இரங்குவதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

என் தீர்மானத்தையும் கூறி முடிக்கிறேன். நான் நாடிச் செல்கிறேன். முதலாவது சந்திப்பு முடிந்தது. இன்னும் இரண்டு உள. தாயார் தொலைபேசியிற் கூறியவற்றை மனைவி ஒரு கொப்பியில் எழுதி வைத்துள்ளார். முடிவு ‘ஆம்’ எனவும் வரலாம், ‘இல்லை’ எனவும் வரலாம். ‘இல்லை’ என வந்தாலும், அறியவேண்டியதை அறிந்தவனாகவே திரும்புவேன். அவ்விருண்ட அறையின் ஒரு மணி நேரம் அப்பொழுதும் எனக்குத் தேவைப்படும். இந்நிர்ணயத்தால் என் சம்பளமோ பதவியோ மாறப்போவதில்லை. பீடச்சபைக் கூட்டங்களுக்கும் நான் வருவேன். வாயிலை அண்மித்த கதிரையில் அமர்வேன். நிகழ்ச்சிநிரலை முதல்நாளே அனுப்புமாறு கேட்பேன்.

நண்பர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. என்னைப் போன்ற ஒருவர் நாளை உங்கள் மேசையருகில் அமர்ந்து இவ்விடயத்தைத் தயங்கித் தயங்கிக் கூறக்கூடும். அவர் உங்கள் மாணவராக இருக்கலாம், உங்கள் தமையனாக இருக்கலாம். அப்பொழுது அறிவுரை எதனையும் கூறுமுன், அன்று எவரும் என்னிடம் கேட்காத அக்கேள்வியை அவரிடம் கேளுங்கள்: “ஏன் அவ்வாறு எண்ணுகிறீர்?” கேட்டபின், அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அவருக்குச் சற்று நேரம் எடுக்கும்.